விருந்துக்கு யாரை அழைப்போம்?

விருந்து என்னும் சொல்லுக்குத் தமிழிலே புதுமை என்றும் ஒரு பொருள் உண்டு. தொல்காப்பியரும் அச்சொல்லை அப்பொருளில் ஆண்டிருக்கிறார். முன்பின் அறியாத புதியவர் ஒருவர் வாசலில் வந்து நின்றால் அவரே விருந்து. இன்று நாம் உற்றார் உறவினரைக் கூட்டி உண்பதையே விருந்து என்கிறோம். பழைய பொருளை மறந்துவிட்டோம். அப்பொருளை எமக்கு மீண்டும் நினைவூட்டியவள் எமது தம்பியின் மகள். இங்கே ரொறன்ரோவில் எட்டாம் வகுப்பிற் படிக்கும் பிள்ளை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பாடசாலையிற் கொடுத்த ஒரு தாளுடன் அவள் எம்மிடம் வந்தாள். வரலாற்றிலே வாழ்ந்து மறைந்தவர்களுள் அறுவரை உமது வீட்டு இராப்போசனத்திற்கு அழைப்பதாயின் யாரை அழைப்பீர், யாரை யாருக்குப் பக்கத்தில் இருத்துவீர், என்ன உணவு படைப்பீர், ஒவ்வொருவரிடமும் எந்த ஒரு கேள்வியைக் கேட்பீர் என்பதே ஆசிரியை கொடுத்த வேலை. இந்நாட்டுப் பாடசாலைகளில் இது வழமையான பயிற்சிதான். பெரியவர்களும் பொழுதுபோக்காக இதனைப் பேசி மகிழ்வதுண்டு.

அவள் எழுதியிருந்த அறுவரைப் பார்த்தோம். ஐன்ஸ்டைன், லியனார்டோ டாவின்சி, நெல்சன் மண்டேலா, ஆன் பிராங்க், பிரிடா காலோ, ரெறி பொக்ஸ். உலகம் போற்றும் பெயர்கள். குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் எம் நெஞ்சில் ஏதோ தைத்தது. ஊரிலே பதினொரு வருடங்கள் வரலாறு கற்பித்தவர் நாம். எமது வீட்டுப் பிள்ளை போடும் பந்தியில் எம்மவர் ஒருவருக்கேனும் இடமில்லையா? பிள்ளைகள் வேரை மறக்கிறார்கள் என்று மேடைதோறும் கேட்கும் முறைப்பாடு அன்று எமது வீட்டுக் குசினி மேசைக்கே வந்துவிட்டதாக எண்ணினோம்.

உடனே பேனாவை எடுத்து எமது அறுவரை எழுதிக் கொடுத்தோம். கரிகாலன், எல்லாளன், இராசராச சோழன், சங்கிலியன், பண்டாரவன்னியன், ஆறாவதாக ஆறுமுக நாவலர். பிள்ளை பணிவாகத் தாளை வாங்கிப் படித்தாள். பின்பு மூன்று கேள்விகள் கேட்டாள்.

"பெரியப்பா, இவையளிட்டை நான் என்ன கேக்கிறது?"

"இதிலை ஏன் ஒரு பொம்பிளையும் இல்லை?"

"இவை எல்லாரும் ஒரே மேசையிலை இருந்து சாப்பிடுவினமோ?"

இம்மூன்றுக்கும் எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடைகளைத் தேடி எழுதப்படுவதாகும்.

சிலைக்கு உணவு பரிமாற முடியாது

முதற் கேள்வியை எடுப்போம். மன்னர்களிடம் என்ன கேட்பது? எல்லாளனின் நீதியை அறிவோம். சங்கிலியனின் வீரத்தை அறிவோம். இவை யாவும் பிறர் சொல்லி அறிந்தவையே. அவர்கள் வாய்திறந்து சொன்னதாக ஒரு வாக்கியத்தையும் நாம் உறுதியோடு எடுத்துக் காட்ட முடியாது. இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிற் சுவர்களில் எத்தனையோ கல்வெட்டுகளை விட்டுச் சென்றான். அவற்றிலே கொடைக் கணக்கு உண்டு. மனக் கணக்கு இல்லை. அவன் எதற்கு அஞ்சினான், எதனை எண்ணி வருந்தினான் என்பதை அக்கற்கள் சொல்லமாட்டா.

நாம் பிள்ளைக்குக் கொடுத்தது விருந்தினர் பட்டியல் அன்று, சிலைகளின் பட்டியல் என்பது அப்போதுதான் விளங்கிற்று. சிலைக்கு மாலை போடலாம். உணவு பரிமாற முடியாது. கேள்வி கேட்கவும் முடியாது. உண்மையைச் சொன்னால், வகுப்பறையிலும் நாம் அதனையே செய்தோம். ஆண்டையும் போரையும் மனனம் செய்வித்தோம். இந்த மனிதரோடு பேசக் கிடைத்தால் என்ன கேட்பாய் என்று ஒரு மாணவனையும் கேட்டதில்லை. இங்குள்ள ஆசிரியை ஒரே தாளில் அதனைக் கேட்டுவிட்டார்.

பட்டியல் எழுதுபவரின் மறதி

இரண்டாவது கேள்வி பெண்களைப் பற்றியது. இதற்கு இக்கண்டத்திலேயே ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. ஜூடி சிக்காகோ என்னும் அமெரிக்கக் கலைஞர் 1974 முதல் 1979 வரை பலருடைய உதவியோடு உழைத்து 'இராப்போசன விருந்து' என்னும் பெயரில் ஒரு படைப்பை உருவாக்கினார். முக்கோண வடிவிலே நீண்ட மேசை. பக்கத்துக்குப் பதின்மூன்றாக முப்பத்தொன்பது பெண்களுக்குத் தட்டும் கிண்ணமும் பூவேலை செய்த விரிப்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. கீழேயுள்ள தரை ஓடுகளில் மேலும் 999 பெயர்கள். வரலாறு பந்தியில் இருத்த மறந்த பெண்களுக்கு இடம் கொடுப்பதே அவரது நோக்கம். 2007 தொடக்கம் இது நியூயோர்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளது.

இதிலும் எமக்கொரு பாடம் உண்டு. அந்த முப்பத்தொன்பது இருக்கைகளுள் இந்தியத் துணைக்கண்டத்திற்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அதிலும் இருத்தப்பட்டிருப்பவள் மானிடப் பெண்ணல்லள், காளி! தெய்வமாக இருந்தாலன்றி எம்முடைய பெண்ணுக்கு அந்த மேசையில் இடமில்லை. மறக்கப்பட்டோருக்காக மேசை போட்டவரே மறந்திருக்கிறார். அவரைக் குறை கூறுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. பட்டியலை எழுதுபவர் தாம் அறிந்தவரையே எழுதுவார். ஆகவே எமது பெயர்களை நாமே எழுத வேண்டும். எழுதும்போது நாம் யாரை மறக்கிறோம் என்பதையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு ஆண்களை எழுதிக் கொடுத்த நாம் ஜூடி சிக்காகோவைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர்களா என்று வாசகர் கேட்கலாம். கேட்பது நியாயமே.

ஆகவே பிள்ளையோடு உட்கார்ந்து புதிதாகத் தொடங்கினோம். தம் சொல்லை எழுத்தில் விட்டுச் சென்றவராகவோ, செய்தது இன்னதென்று தெளிவாகத் தெரிந்தவராகவோ இருத்தல் வேண்டும். அவரிடம் கேட்பதற்கு எம் வாழ்வோடு ஒட்டிய ஒரு கேள்வி இருத்தல் வேண்டும். இவை இரண்டுமே நாம் வகுத்த விதி.

பெண்களுள் முதலில் நினைவுக்கு வந்தவர் மங்களம்மாள் மாசிலாமணி. 1923 இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'தமிழ் மகள்' என்னும் பத்திரிகையை நடத்தியவர். பெண் படிப்பதே பேச்சுக்கிடமாயிருந்த காலத்தில் ஒரு பெண் பத்திராதிபராக இருந்தார். "முதல் இதழை ஆர் வாங்கினது, ஆர் திட்டினது எண்டு கேப்பன்" என்றாள் பிள்ளை. வாரந்தோறும் பத்திரிகை வெளியிட்டு நட்டப்படுவோர் அனைவரும் கேட்க விரும்பும் கேள்வி இது.

அடுத்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847 இல் அமெரிக்க மிசனரியாக யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயிலே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழ் மொழியிற் கற்பித்து, உடற்கூற்றையும் சத்திரசிகிச்சையையும் தமிழ் நூல்களாக்கியவர். அந்நிய நாடொன்றுக்கு வந்த ஒருவர் அங்குள்ளோரின் மொழியைத் தம் தொழிலின் மொழியாக்க எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்! வீட்டில் தமிழா ஆங்கிலமா என்று நாம் படும் பாட்டை அவரிடம் சொல்லி ஆலோசனை கேட்கலாம். பிள்ளை விடமாட்டேன் என்று வைத்திருந்த ரெறி பொக்ஸை அவருக்குப் பக்கத்தில் இருத்தினாள். புற்றுநோயால் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு 1980 இல் கனடாவின் குறுக்கே 143 நாட்கள் ஓடிய இளைஞனுக்கும், காலை வெட்டி உயிரைக் காக்கும் வித்தையைத் தமிழில் எழுதிய வைத்தியருக்கும் பேச விடயம் இருக்கும் என்பது அவளது நியாயம். நாம் மறுக்கவில்லை.

சி. வை. தாமோதரம்பிள்ளையை எப்படியாவது சேர்க்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தினோம். சிறுப்பிட்டியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகி, செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றியவர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட தலைமுறை நாம். 'ஐயா, ஓடவேண்டிய இரவில் ஒரே ஒரு கட்டு ஏட்டைத்தான் எடுக்கலாம் என்றால் எதனை எடுப்பீர்கள்?' என்று அவரைக் கேட்க எமக்கு ஆசை. ஆனால் மண்டேலாவை விட்டுக்கொடுக்கப் பிள்ளை சம்மதிக்கவில்லை. இடமின்மையால் தாமோதரம்பிள்ளை வெளியே நின்றார். எமக்குச் சற்று மனவருத்தந்தான்.

ஒரே பந்தியா?

மூன்றாவது கேள்விதான் எம்மை உறங்கவிடாதது. இவர்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்களா?

ஆறுமுக நாவலரை எடுப்போம். தமிழ் உரைநடைக்கு வழி சமைத்தவர். பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தும் தம் சமயத்தைக் கைவிடாதவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். 1876, 1877 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசித்தோருக்கு உணவளித்தவர். இவை யாவும் நாம் பெருமையோடு கற்பித்தவை. ஆனால் அவரே எழுதிய சைவ வினாவிடையில் போசனத்திற்கும் விதிகள் உண்டு. யாரோடு பந்தியிருந்து உண்ணலாம் என்பதற்குச் சாதியையும் ஓர் அளவுகோலாக அவர் வைத்தார். இதனை நாம் வகுப்பில் விரித்துச் சொல்லியதில்லை. பக்கத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டோம்.

அவருக்கு எதிரே நாம் இருத்த விரும்பியவர் எழுத்தாளர் கே. டானியல். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்து, அவர்களுடைய வாழ்வை 'பஞ்சமர்' முதலான நாவல்களாக எழுதி, 1986 இல் தஞ்சாவூரிற் காலமானவர். கிணற்றிலே தண்ணீர் அள்ளவும் தேநீர்க் கடையில் மற்றவரோடு சமமாக இருந்து குடிக்கவும் எம்மண்ணில் மனிதர் போராட வேண்டியிருந்தது என்பதை அவரைப் படிப்பவர் மறக்க முடியாது.

பிள்ளைக்கு இது விளங்கவில்லை. "ஏன் ஒண்டா இருந்து சாப்பிடேலாது?" என்று கேட்டாள். நாம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. எமது சிறுபிராயத்தில் எமது வீட்டுக் கோடிப்புறத்திலே தனியாக ஒரு பேணி தொங்கும். வேலி அடைக்க வருபவருக்கு அம்மா அதிலேதான் தேநீர் வார்ப்பார். அவர் குடித்துவிட்டுத் தாமே கழுவிக் கவிழ்த்து வைப்பார். அம்மா கடுமையானவர் அல்லர். அவருடைய பிள்ளைகளுக்குப் பழஞ்சேலையும் அரிசியும் கொடுத்தவர். ஆயினும் பேணி தனி. அம்மனிதரின் பெயரை நாம் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். அவர் எம்மைவிட முப்பது வயது மூத்தவர். இதனைச் சொல்லும்போது பிள்ளை எம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பறையில் எத்தனையோ போர்களைக் கூசாமற் சொன்ன நாக்கு அன்று தடுமாறிற்று.

எம்மவர் இதனை எதிர்க்கவில்லை என்று சொல்வதும் பொய். 1924 இல் தொடங்கிய இயக்கம் ஒன்று பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகமும் அவரது தோழர்களும் அதிலிருந்து தீண்டாமைக்கு எதிராகப் பேசினார்கள்; 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு வரவழைத்தார்கள். பாடசாலையில் சம ஆசனம், சம போசனம் என்னும் கோரிக்கை ஏறக்குறைய நூறு ஆண்டு பழமையானது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்து பத்தாண்டின் பின்னும், 1960களின் இறுதியில், கோயிற் கதவுக்கும் தேநீர்க் கடைக்கும் போராட்டம் நடந்தது. இவையும் எமது வரலாறே. மன்னர்களோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை.

இன்னொன்றையும் சொன்னோம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் நடந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் நாம் பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். ஒரே கிடாரத்திலே கஞ்சி காய்ச்சினார்கள். யார் காய்ச்சினார், யார் கிண்டினார் என்று எவரும் கேட்கவில்லை. கோப்பையை நீட்டினோம், குடித்தோம். பசி எம்மை ஒரே பந்தியில் இருத்திற்று. பின்னர் இந்நாட்டுக்கு வந்து, வேலை தேடி, வீடு வாங்கி, வயிறு நிறைந்தபின் பழைய கேள்விகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கலியாணப் பேச்சிலே ஊரைக் கேட்டு, குறிச்சியைக் கேட்டு, பேத்தனாரின் பெயரைக் கேட்டு, எதனை அறிய முயல்கிறோம்? மண்டபத்திலே வட்ட மேசை. பத்துப் பேர் சமமாகத்தான் இருக்கிறோம். அந்த மேசைக்கு யாரை அழைப்பதில்லை என்பதில் அல்லவா பழைய பேணி தொங்குகிறது?

நடுவில் யார்?

நாவலரையும் டானியலையும் எதிரெதிரே இருத்தினால் விருந்து குழம்பிவிடும் என்று அஞ்சினோம். பிள்ளை சற்றுநேரம் யோசித்துவிட்டு இருவருக்கும் நடுவில் மண்டேலாவை இருத்தினாள். "அவருக்குத்தான் இது தெரியும்" என்றாள்.

அவள் சொன்னது சரியே. 1964 இல் மண்டேலாவுக்கு ஆயுட் சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்த வழக்கை அரசுதரப்பில் நடத்தியவர் பேர்சி யூட்டார். இருபத்தேழு ஆண்டுகள் சிறையிருந்து, நாட்டின் சனாதிபதியான பின், 1995 நவம்பரில் அதே யூட்டாரை அழைத்து மதியபோசனம் அளித்தார் மண்டேலா. அதே ஆண்டில், இனஒதுக்கற் கொள்கையை வகுத்தவர்களுள் முதன்மையான வெர்வூட் என்பவரின் விதவை வாழ்ந்த ஊருக்கு நேரிற் சென்று அவரோடு தேநீர் அருந்தினார். நாம் பாலங்கடந்து நடந்த அதே 1995 இல் உலகத்தின் மற்றொரு மூலையில் ஒரு மனிதர் தம்மைச் சிறையிட்டவரோடு உணவருந்திக்கொண்டிருந்தார். நடந்த அநீதியை அவர் மறைக்கவில்லை. அதனை விசாரிக்க ஆணைக்குழுவும் அமைத்தார். அநீதியைப் பெயர் சொல்லிச் சுட்டிய பின்பும் மேசையை விட்டு எழும்பாமல் இருந்தார். எம்மவர் பட்டியலில் அந்நியர் எதற்கு என்று முதலில் முகஞ்சுளித்த நாம் வெட்கப்பட்டோம்.

நாவலரிடம் அவள் கேட்கவிருக்கும் கேள்வி இது: கஞ்சித்தொட்டியடியில் பசியோடு வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபோது பந்தியைப் பற்றி எழுதிய விதி உங்களுக்கு நினைவு வந்ததா? டானியலிடம்: எங்களோடு இருந்து சாப்பிட நீங்கள் ஏன் சம்மதித்தீர்கள்? பதினான்கு வயதுக்கும் குறைந்த பிள்ளையின் கேள்விகள் இவை. நாம் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நாவலர் மீதுள்ள மதிப்பு எமக்குக் குறையவுமில்லை. பெரியவரிடம் கேள்வி கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவரை இன்னும் உயிரோடிருப்பவராக மதிப்பதாகும்.

உணவு யாதென்று நீண்ட விவாதம் நடந்தது. நண்டும் மீனும் போட்ட ஒடியற்கூழ் என்றால் நாவலர் எழுந்துவிடுவார். சோறு கறி என்றால் யார் சமைத்தது என்ற கேள்வி வரும். இறுதியில் கஞ்சி என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் ஒரே கிடாரத்துக் கஞ்சி. எல்லோருக்கும் பனையோலைப் பிளா. ஒருவருக்கும் தனிப் பேணி இல்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இப்பயிற்சியை உங்கள் வீடுகளிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் நிறுத்தினாற் போதும். பெரியவர் மூன்று பெயர், பிள்ளைகள் மூன்று பெயர் சொல்லட்டும். மூவர் பெண்களாக இருக்கட்டும். இதில் எமது மேசையும் தவறிவிட்டது. ஒருவராவது நீங்கள் உடன்படாதவராக இருக்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். கேள்வி இல்லாத பெயரை நீக்கிவிடுங்கள். பிள்ளைகள் அந்நியப் பெயரைச் சொன்னாற் கோபிக்க வேண்டாம். ஏன் என்று கேளுங்கள். அவர்கள் உங்களைப் பார்த்து ஏன் என்று கேட்கும்போது பக்கத்தைத் தட்டிக்கொண்டு போகவும் வேண்டாம்.

பிள்ளை தாளை மடித்துப் பையில் வைக்குமுன் ஏழாவதாக ஒரு கதிரையை வரைந்தாள். ஆறு பேருக்குத்தானே இடம் என்றோம். வேலி அடைக்க வந்தவரின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னோம். எழுதிக்கொண்டாள்.